ஸ்டேட்டஸ் கார்டுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

“அவையளுக்கு வரி இல்லை, யூனிவர்சிட்டி ஃப்ரீ, மாசா மாசம் காசும் வருது.” கனடாவின் ஸ்காபரோவில் பூர்வகுடிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த மூன்றும் தவறாமல் வந்து விழும். மூன்றுமே பிழை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சட்டப்படி ‘இந்தியர்’ என்று அரசு பதிந்த முதற்குடியினருக்குத் தரும் ஸ்டேட்டஸ் கார்ட் யாருக்குக் கிடைக்கிறது, எத்தனை தலைமுறை தாங்கும் என்று நம்மவர் கேட்பதே இல்லை.

வரியை முதலில் பார்த்துவிடுவோம். முதற்குடிகளை ‘இந்தியர்’ என்று அழைக்கும் கனடாவின் இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவு தரும் விலக்கு, ரிசர்வுக்குள் (அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்துக்குள்) ஈட்டும் வருமானத்துக்கும் அங்குள்ள சொத்துக்கும்தான். ரொறன்ரோ அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் முதற்குடிப் பெண் பொதுவாக உங்களைப் போலவே வருமான வரி கட்டுகிறார். ஒன்ராறியோவில் ரிசர்வுக்கு வெளியே கடையில் வாங்கும்போது 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரியில் மாகாணத்தின் 8 மட்டும் கழியும், மத்திய அரசின் 5 அப்படியே நிற்கும். எல்லாப் பொருளுக்கும் கழிவு இல்லை. பூர்வகுடிகளில் மற்ற இரு பிரிவினரான மெத்திஸ், இனுயிட் மக்களுக்கு இந்தக் கார்டே இல்லை. கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: கார்டைப் பார்த்து, அதிலுள்ள 10 இலக்கப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு 8 சதவீதத்தைக் கழியுங்கள். பிறகு உங்கள் எச்எஸ்டி கணக்கில் அதைச் சரிசெய்து எடுக்கலாம். உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. கார்டை நீட்டுபவரைப் பார்த்து முகத்தைச் சுளிக்க ஒரு காரணமும் கிடையாது.

படிப்புக்கான பணம் பெரும்பாலும் அவரவர் பாண்ட் (முதற்குடிச் சமூகம்) நிர்வாகத்தின் வழியாக, அளவோடுதான் வருகிறது. தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மாதக் காசு என்று ஒன்றே இல்லை. 1876இல் முதற்குடிகளோடு அரசு கையெழுத்திட்ட ஆறாம் எண் ஒப்பந்தம் தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர் என்றது. இன்றும் அதே 5 டாலர்தான்.

இந்தியர் சட்டம் வந்ததும் அதே 1876இல். பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவரோ வழக்கறிஞரோ ஆனாலோ அவரது இந்தியர் என்ற தகுதி போய்விடும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பிள்ளை டொக்டராக வேண்டும் என்று கனவு காணும் நம் வீடுகளில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1927 முதல் 1951 வரை, நிலவுரிமைக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியின்றி வழக்கறிஞருக்குப் பணம் திரட்டுவதே குற்றம்.

இன்றைய கணக்குக்கு வருவோம். 1985 முதல் தகுதி, சட்டத்தின் உட்பிரிவு எண்களின்படி, இரண்டு வகை: 6(1), 6(2). பெற்றோர் இருவருக்கும் தகுதி இருந்தால், எந்த வகையானாலும், பிள்ளைக்கு 6(1). ஒருவர் 6(1), மற்றவருக்குத் தகுதி இல்லை என்றால் பிள்ளைக்கு 6(2). ஒருவர் 6(2), மற்றவருக்குத் தகுதி இல்லை என்றால் பிள்ளைக்கு எதுவுமே இல்லை. அடுத்தடுத்து இரண்டு தலைமுறை வெளியே மணந்தால் மூன்றாம் தலைமுறையோடு கதை முடிந்தது. அந்தப் பிள்ளை ரிசர்விலேயே பிறந்து, தாய்மொழியிலேயே பேசி வளர்ந்தாலும் இந்த விதி மாறாது. 6(1), 6(2) இருவருக்கும் சலுகைகள் ஒன்றுதான். வித்தியாசம் பிள்ளை பிறக்கும்போதுதான் தெரியும்.

இதில் பெண்களுக்கு நடந்தது தனி அநியாயம். 1985க்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் வெள்ளையரை மணந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் மனைவி சட்டப்படி ‘இந்தியர்’ ஆகிவிடுவார். தங்கையோ தன் தகுதியை இழப்பார், பிறந்த ரிசர்வில் வாழும் உரிமையையும் இழப்பார். ஜெனட் கோர்பியர் லவெல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய் 1973இல் தோற்றார். சாண்ட்ரா லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 1981இல் அது கனடாவைக் குற்றம் கண்டது. 1985இல் சட்டம் திருந்தியது, ஆனால் அரைகுறையாக. தங்கைக்கு 6(1) திரும்பக் கிடைத்தது. அவர் பிள்ளைகளுக்கு 6(2)தான். அண்ணன் பிள்ளைகளுக்கோ 6(1). ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள்!

இந்தப் பாகுபாட்டை எதிர்த்த ஷரன் மெக்கைவர் வழக்கில் 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2011இல் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2015இல் கியூபெக்கில் டெஷெனோ வழக்கு, 2017இலும் 2019இலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்த இன்னொரு திருத்தம். ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் எந்த ஓட்டையைச் சுட்டியதோ அநேகமாக அதை மட்டும் அடைப்பது ஒட்டாவா அரசின் வழக்கம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தன் வாழ்நாளில் பத்து, இருபது ஆண்டுகளை வழக்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விண்ணப்பம் எங்கே சிக்கும் என்றால், பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழில். பெற்றோர் பெயர்கள் உள்ள நீள வடிவச் சான்றிதழ் வேண்டும். தகப்பன் பெயர் அதில் இல்லாவிட்டால் அவரைத் தகுதியற்றவராகவே பதிவாளர் கணக்கெடுத்து வந்தார். வன்முறைக்கு ஆளாகிப் பிள்ளை பெற்ற தாய்க்கும் இதே நிலைதான். தன் தகப்பன்வழிப் பாட்டனார் யாரென்று தெரியாத லின் கேல் பல்லாண்டு போராடி 2017இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். கிடைத்தது 6(2). அதன்பின் சட்டத்திலேயே ஒரு பிரிவு வந்தது: நம்பத்தகுந்த சான்று எதுவானாலும் பதிவாளர் எடுத்துக்கொண்டு, விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே ஊகிக்க வேண்டும். ஆகவே பெயர் விடுபட்டவர்கள் சோர்ந்துபோகாமல் திருமுழுக்குப் பதிவு, மூத்தவர்களின் சத்தியக் கடதாசி போன்றவற்றை இணைத்து விண்ணப்பிக்கலாம்.

2025இல் செனட்டில் அறிமுகமான எஸ்-2 மசோதா, பழைய சட்டத்தால் தகுதி பறிபோன குடும்பங்களின் வாரிசுகளைச் சேர்க்க வந்தது. அறிமுகமான வடிவில் இரண்டு தலைமுறை வெட்டை அது தொடவில்லை. அதுபற்றி ஆலோசனை நடப்பதாக அப்போது சொன்னார்கள். ஆலோசித்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஒரு பெற்றோருக்குத் தகுதி இருந்தால் பிள்ளைக்கும் உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். தன் உறுப்பினர் யாரென்று தீர்மானிக்கும் உரிமை இந்தியர் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பாண்டுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிச் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கும் ஒட்டாவாவின் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் கார்ட் கிடையாது, அந்தக் கார்டோடு வரும் மருத்துவச் செலவு உதவியும் கிடையாது.