டாலஸில் காது கேட்டதும் கணக்கில் எழுதியதும்

நவம்பர் பிறந்தால் போதும், 1963 நவம்பரில் டாலஸில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் கொலை பற்றிய வீடியோக்கள் தமிழிலும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. பெரும்பாலானவை ஒரே வாதத்தைச் சுற்றித்தான் ஓடும்: "புல்மேட்டிலிருந்து சுட்டதாக இத்தனை பேர் சாட்சி சொன்னார்கள், மூடி மறைத்துவிட்டார்கள்." மறுதரப்பும் சளைக்காமல், "கிடங்கிலிருந்து என்று சொன்னவர்கள்தான் அதிகம்" என்று பதில் எண்ணிக்கையை நீட்டும். புல்மேடு என்பது கார் போன சாலையோரத்துப் புல் மேடு; கிடங்கு என்பது சுட்டவன் இருந்ததாக அரசு விசாரணை சொன்ன பள்ளிப் புத்தகக் கிடங்குக் கட்டடம். துப்பாக்கிச் சத்தத்தைக் காதால் கேட்டவர்களை ஓட்டுச் சீட்டு எண்ணுவதுபோல எண்ணுகிற இந்தப் பழக்கத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அதுதான் முதல் கோளாறு.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு (1979-இல் அறிக்கை தந்தது) 178 பேருடைய வாக்குமூலங்களை வகைபிரித்தது. சத்தம் பள்ளிப் புத்தகக் கிடங்கிலிருந்து வந்தது என்றவர்கள் 49. புல்மேடு என்றவர்கள் 21. வேறு இடங்கள் என்றவர்கள் 30. திசை தெரியாத பட்டியலில் 78 பேர். நாற்பத்து நான்கு சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற இந்தக் கடைசி எண்ணை எந்த வீடியோவிலும் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலில் நேர்மையான எண்ணே அதுதான்.

ஏன் திசை தெரியவில்லை? கிடங்கில் கிடைத்த துப்பாக்கியைப் பாருங்கள். 6.5 மி.மீ. கார்கானோ ரைஃபிள். குழலை விட்டுக் கிளம்பும்போது தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 660 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் சுமார் 343 மீட்டர்தான். ஆகவே ஒரே ஒரு வேட்டுக்கு இரண்டு சத்தம் உண்டு. ஒன்று, தோட்டா ஒலியை முந்திக்கொண்டு காற்றைக் கிழிப்பதால் எழும் கூர்மையான "சடார்". இன்னொன்று, குழல் வாயில் மருந்து வெடிக்கிற "டும்". முதல் சத்தம் துப்பாக்கியிலிருந்து வருவதே இல்லை. தோட்டா போகிற பாதை நெடுகக் கூம்பு வடிவில் விரிந்து பக்கவாட்டில் அடிக்கிறது. சாலையோரம் நிற்பவருக்கு அது துப்பாக்கி இருக்கும் ஜன்னலிலிருந்து வந்ததாகத் தோன்றாது, தோட்டாவின் பாதையில் ஏதோ ஓரிடத்திலிருந்து வந்ததாகவே தோன்றும். கிடங்கின் ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து கடைசி வேட்டு பட்ட இடம் சுமார் 80 மீட்டர். அவ்வளவு தூரத்தைத் தோட்டா ஏறக்குறைய 0.13 நொடியில் கடந்துவிடும், வெடிச்சத்தம் வந்து சேர 0.23 நொடி ஆகும். இடையில் பத்தில் ஒரு நொடி. இந்த இடைவெளியை ஒருவர் ஒரே சத்தமாகக் கேட்பார், பக்கத்தில் நிற்பவர் "டப்-டுப்" என்று இரண்டாக எண்ணிவிடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அடுத்தது இடம். கொலை நடந்த டீலி பிளாசா மூன்று பக்கம் கட்டடங்கள் சூழ்ந்து, மேற்கே ரயில்வே பாலத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் வெளி. கிடங்கு, டால்-டெக்ஸ் கட்டடம், நீதிமன்றக் கட்டடங்கள் என்று செங்கல்லும் கல்லுமான சுவர்கள். குறுகலான தெருவில் லட்சுமி வெடி போட்டால் எந்த வீட்டு வாசலில் வெடித்தது என்று தெரியாமல் போகுமே, அதே கதைதான். நேராக வந்த ஒலிக்குப் பின்னால் மிகச் சிறு இடைவெளியில் வரும் எதிரொலியை மூளை முதல் ஒலியோடு சேர்த்துவிடும். தாமதமாக வந்தால் தனிச் சத்தமாகக் காட்டும்.

இன்னும் ஒரு சிக்கல் நம் தலையிலேயே இருக்கிறது. இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வலது முன்புறத்திலிருந்து வரும் ஒலிக்கும் வலது பின்புறத்திலிருந்து வரும் ஒலிக்கும் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். சாதாரணமாகத் தலையைச் சற்றே திருப்பி நாம் இதைச் சரிசெய்துகொள்கிறோம். வேட்டுச் சத்தம் தலை திரும்பும்வரை காத்திருக்காது. எல்ம் தெருவில் மேற்கு நோக்கி ஊர்ந்த அந்த அணிவகுப்பில் இருந்தவர்களுக்குக் கிடங்கு வலது பின்புறம், புல்மேடு வலது முன்புறம். முன்னா பின்னா என்று குழம்ப இதைவிடப் பொருத்தமான அமைப்பை வேண்டுமென்று தேடினாலும் கிடைக்காது. போதாததற்கு இரைச்சலான போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வேறு காரை ஒட்டியே வந்தன.

ரயில்வே கோபுரத்தில் பணியில் இருந்த லீ பவர்ஸின் சாட்சியத்தை அதனால்தான் நான் மதிக்கிறேன். சத்தம் கிடங்குப் பக்கத்திலிருந்தோ பாலத்தின் வாய்ப்பக்கத்திலிருந்தோ வந்தது, எது என்று சொல்ல முடியாது என்றார். பல ஆண்டுகளாக அதே கோபுரத்தில் வேலை செய்கிறேன், இந்த இரண்டு இடங்களிலும் எழும் சத்தம் ஒன்றுபோலவே கேட்கும் என்பதை முன்பே கவனித்திருக்கிறேன் என்று காரணமும் சொன்னார். அந்த இடத்தின் எதிரொலியை நன்கு அறிந்த மனிதர் "தெரியாது" என்கிறார். அவரையும் புல்மேட்டுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

"எத்தனை வேட்டு" என்பதில் மட்டும் பெரிய ஒற்றுமை தெரிகிறது. அதே 178 பேரில் 132 பேர் மூன்று என்றார்கள். இதையும் அப்படியே விழுங்க வேண்டாம். சம்பவம் நடந்தது பகல் 12.30-க்கு. அணிவகுப்பில் வந்த பத்திரிகையாளர் காரின் தொலைபேசியிலிருந்து மெரிமன் ஸ்மித் கொடுத்த செய்தி, யூபிஐ செய்தி நிறுவனத்தின் வழியாக 12.34-க்கே வெளியாகிவிட்டது. அதிலேயே "மூன்று வேட்டு" இருக்கிறது. பல நாள் கழித்து வாக்குமூலம் கொடுத்தவரின் "மூன்று", அவர் காதில் விழுந்ததா வானொலியில் கேட்டதா என்று பிரிக்க வழியில்லை. அன்று மதியமே ஷெரீஃப் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களுக்கு எடை கூடுவது இதனால்தான்.

குறைத்து எண்ணியவர்களுக்கும் காரணம் உண்டு. முதல் சத்தத்தைப் பட்டாசு என்றோ மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் வெடித்தது என்றோ நினைத்தவர்கள் ஏராளம். வேட்டு என்று பதியாத சத்தம் கணக்கில் வராது. பின்தொடர்ந்த காரின் படியிலிருந்து குதித்து ஓடிய பாதுகாவலர் கிளின்ட் ஹில் இரண்டே சத்தம்தான் கேட்டதாகச் சொன்னார். ஓடுகிற மனிதர், பக்கத்தில் இன்ஜின் சத்தம், கண் முழுக்க ஜனாதிபதி மேல்.

அதே காரில் கென்னடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்து காயமடைந்த டெக்சஸ் ஆளுநர் கொனலியின் சாட்சியம் இன்னும் நுணுக்கமானது. வேட்டைப் பழக்கம் உள்ளவர், முதல் சத்தத்தையே ரைஃபிள் என்று அடையாளம் கண்டார். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, இடது பக்கம் திரும்பப் போகும்போது முதுகில் அடி விழுந்தது. தன்மேல் பட்ட வேட்டின் சத்தம் கேட்கவே இல்லை என்றார். இதைச் சந்தேகத்துக்கு இடமான பேச்சு என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒலியைவிட வேகமான தோட்டா முதலில் வந்து சேரும், வெடிச்சத்தம் பிறகுதான் வரும். மார்பைத் துளைத்த பிறகு வருகிற சத்தம் மூளையில் பதியாமல் போனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சரி, காது சாட்சி எதற்குமே உதவாதா? உதவும், ஆனால் யார் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்து. சுட்ட ஜன்னலுக்கு நேர் கீழே, ஐந்தாம் மாடியில் ஹரால்ட் நார்மன், ஜேம்ஸ் ஜார்மன், பானி ரே வில்லியம்ஸ் என்ற மூன்று ஊழியர்கள் இருந்தார்கள். தலைக்கு மேலே ரைஃபிளின் போல்ட் (அடுத்த தோட்டாவை ஏற்றும் தாழ்) இழுபடும் ஓசையும், சுட்ட தோட்டாக்களின் காலி உறைகள் தரையில் விழும் ஓசையும் கேட்டதாக நார்மன், கொலையை முதலில் விசாரித்த வாரன் ஆணையத்திடம் சொன்னார். வில்லியம்ஸின் தலைமுடியில் மேலிருந்து தூசி உதிர்ந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். ஆறாம் மாடித் தளம் அப்போது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது, பலகை இடுக்குகள் வழியே ஓசை இறங்கும் நிலை. ஆணையம் மேலே போல்ட்டை இயக்கி, உறைகளைப் போட்டுப் பார்த்தது. கீழே நின்றவர்களுக்குக் கேட்டது. மேலே ஜன்னலருகே மூன்று காலி உறைகள் கிடந்தன. சில அடி தூரத்திலிருந்து வந்த சத்தம், தூசி, உறைகள் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. புல்தரையில் நின்ற ஐம்பது பேரின் திசை ஊகத்தைவிட இது எனக்குப் பெரிது.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. கிடங்கில் ஒருவன், புல்மேட்டில் ஒருவன் என்று இரண்டு துப்பாக்கிகள் இருந்திருந்தால், நிறையப் பேர் "இரண்டு இடங்களிலிருந்து சத்தம் வந்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். ஒரே இடத்து ஒலியை ஆளுக்கொரு திசையில் கேட்டால் கிடைக்கும் பட்டியல் இது. 1978 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அதே இடத்தில் மணல் மூட்டைகளைச் சுட்டு சோதனை நடத்தியபோது உடனிருந்து கேட்ட ஒலி உளவியல் நிபுணர் டேவிட் கிரீன், புல்மேட்டு ரைஃபிள் சத்தம் அருகில் நின்றவர்களுக்குத் தப்பவே முடியாத அளவுக்கு உரக்க இருந்திருக்கும் என்று எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அவரை அழைத்த அதே குழுதான் போலீஸ் வானொலிப் பதிவை நம்பி, மொத்தம் நான்கு வேட்டு, அவற்றில் ஒன்று 95 சதவீத உறுதியோடு புல்மேட்டிலிருந்து என்று முடிவு கட்டியது. திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு மைக் வழியே பதிவான துடிப்புகள் அவை. அதே பதிவில் அந்தத் துடிப்புகளோடு ஷெரீஃப் டெக்கரின் குரல் மங்கலாகக் கலந்திருப்பதை ஓஹையோவைச் சேர்ந்த ஒரு டிரம்ஸ் வாசிப்பவர் கண்டுபிடித்தார். கொலைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துப் பேசிய பேச்சு அது. 1982-இல் நார்மன் ராம்சே தலைமையிலான தேசிய அறிவியல் அகாதமிக் குழு, அந்தத் துடிப்புகள் வேட்டுகளே அல்ல என்றது.

கமெண்டில் சாம் ஹாலண்டைக் கொண்டுவரப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: ஆம், பாலத்தின் மேல் நின்ற அவர் நான்கு சத்தம் கேட்டேன், மரத்தடியில் புகை பார்த்தேன் என்று அன்றே எழுதிக்கொடுத்தார். பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துப் படியுங்கள். நான்கு என்ற எண்ணிக்கை மேலே சொன்ன எல்லாக் கோளாறுகளுக்கும் உட்பட்டது. புகை கண்ணால் பார்த்தது, அதைத் தனியாக எடைபோட வேண்டும். வேலிக்குப் பின்னால் அவரும் மற்றவர்களும் ஓடிப்போய்ப் பார்த்தபோது துப்பாக்கியும் இல்லை, காலி உறையும் இல்லை. கிடங்கில் இரண்டும் கிடைத்தன.