எட்டாம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் கட்டுரையில், வேதாகமத்தின் புலம்பல் புத்தகம் 3:22, 23 வசனங்களை வைத்து, காலைதோறும் புதிதாகிற கிருபையைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள் பாஸ்டர். ஆனால் புத்தாண்டில் ஆறுதல் வசனத்தை மட்டும் அச்சிட்டுத் தருகிற வாக்குத்தத்த அட்டை மாதிரி அந்த இரண்டோடு நிறுத்திவிட்டீர்களே! பாபிலோனியர் முற்றுகையில் எருசலேம் பட்டினி கிடந்து விழுந்ததைப் பற்றிய புலம்பல் அது. நாலாம் அதிகாரத்தில் பால்குடிக்கிற குழந்தையின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடு ஒட்டிக்கொள்கிறது. இதே மூன்றாம் அதிகாரம் 8-ல், கதறியும் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்று புலம்புகிறவன் கர்த்தர்மேலேயே முறையிடுகிறான். சரி, 23-க்கு அப்புறமாவது தீர்ந்ததா? 44-ல் ஜெபம் நுழையாதபடி மேகம் மூடியிருக்கிறது. நம்பிக்கையும் முறையீடும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. வேலை போனவரிடம் “விசுவாசம் பத்தல” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிற நம் சபையார் இதைக் கேட்க வேண்டும். அடுத்த கட்டுரையில் எட்டாம் வசனத்தை எடுங்கள், பாஸ்டர்.