பட்டாசலில் கேட்காத கேள்வி

எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் முதலில் வருவது மாமாவும் சித்தப்பாவும்தான். பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தப்பு யார் மேல் என்று விசாரிப்பார்கள். ஒருத்தர் தலை குனிந்ததும் "சரி, விட்டுக்கொடுத்துப் போங்க" என்று காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். எங்களுக்கும் இரண்டு தடவை இப்படிப் பேசி முடித்தார்கள். மறுவாரமே பழைய கதைதான்.

அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். அந்த அம்மா தப்பு யார் மேல் என்று கேட்கவே இல்லை. கடைசியாக வந்த சண்டையை மட்டும் சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைத்து, இஞ்சித் துவையலும் அரைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

"அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"நான் என்ன செஞ்சாலும் இவருக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு."

அவரிடமும் அதையே கேட்டார். "வாயைத் திறந்தா ஏதாவது தப்பா வந்துரும். பேசாம இருந்தா சண்டை வராதுன்னு நினைச்சேன்" என்றார். பதினோரு வருஷமாக எனக்கு இது தெரியாது. அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்தச் சிகிச்சைக்கு சிபிடி (CBT) என்று பெயர், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை, பிற்பாடு தம்பதிகளுக்கும் வந்தது. நடந்ததைவிட, அதற்கு நாம் கொடுக்கிற அர்த்தம்தான் நம்மை அதிகம் காயப்படுத்துகிறது என்பது இதன் அடிப்படை. வீட்டுப்பாடமும் உண்டு. என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த மூன்றாவது கேள்விக்கு எழுதத்தான் கை வராது. ஒருத்தர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும் என்றும் ஒரு பயிற்சி. முதல் வாரம் இரண்டு பேருக்குமே வரவில்லை.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181க்குப் பேசுங்கள். "பொறுத்துப் போம்மா" என்று எந்தப் பெரியவரும் சொல்லக் கூடாது.

"ஆலோசகர்கிட்டப் போக நீங்க என்ன பைத்தியமா?" என்று சொந்தத்தில் கேட்டார்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறோம், இதற்கென்ன? நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416க்குப் பேசலாம். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமாக்களே, சித்தப்பாக்களே, அடுத்த தடவை யார் வீட்டுக்காவது பேசப் போனால் "அந்த நேரம் உனக்கு என்ன தோணுச்சு?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை பொறுங்கள்.