பாண்டாவைக் குறை சொல்வதை நிறுத்துங்கள்

"இனப்பெருக்கத்தில்கூட ஆர்வமில்லாத சோம்பேறி விலங்கு, அழிந்தால் அழியட்டுமே." பாண்டா படம் எங்கே வந்தாலும் யாராவது ஒருவர் இப்படி எழுதிவிடுகிறார். படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அதற்கு இந்தக் கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்ததே நம் கூண்டுகள்தான்.

பெண் பாண்டா வருடத்துக்கு ஒரே ஒரு முறை, வசந்த காலத்தில்தான் சினைப்பருவத்துக்கு வரும். அதிலும் கருத்தரிக்கக்கூடிய காலம் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். உண்மை. ஆனால் சீனாவின் சின்லிங் மலைக்காடுகளில் அந்த நாட்கள் எப்படி இருக்கும் தெரியுமா? முன்கூட்டியே வாசனை வழியாகச் சேதி போய்விடும். பாண்டாக்கள் வாலுக்கடியில் இருக்கும் சுரப்பியை மரத்தில் தேய்த்து அடையாளம் வைக்கும். ஆண் சில நேரம் முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாக நின்று, எவ்வளவு உயரம் எட்டுமோ அவ்வளவு உயரத்தில் சிறுநீரைப் பீய்ச்சும். அடையாளம் உயரமாக இருந்தால் வைத்தவன் பெரிய ஆள். தனித்தனியாகத் திரியும் ஆண்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் கூடுவார்கள். பெண் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே உறுமலும் கடியுமாகச் சண்டை நடக்கும். அப்புறம், இணையை அழைக்கும்போது மட்டும் அத்தனை பெரிய உடம்பிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு மெல்லிய குரல் வரும்! கூடினால் ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை.

இதையா சோம்பேறி என்கிறோம்?

கூண்டில் இந்தத் தேடல், போட்டி, தேர்வு எதுவுமே கிடையாது. 1966-ல் லண்டன் விலங்குக்காட்சிசாலையின் சி-சி என்ற பெண் பாண்டாவை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த ஆன்-ஆன் என்ற ஆண் பாண்டாவோடு சேர்த்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. குட்டியாகப் பிடிபட்டு மனிதர்களிடையே வளர்ந்தவள் அவள். முன்பின் தெரியாத ஒருவனைக் காட்டி, இவன்தான் உனக்கு என்றால் எப்படி நடக்கும்? 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. பாண்டாக்களுக்கு இணையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடித்திருந்தால், கூடுவதும் குட்டி பிறப்பதும் கணிசமாகக் கூடியது. செயற்கைக் கருவூட்டல் 1978-லேயே வெற்றி பெற்றுவிட்டது, அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் விருப்பத்துக்கு இடம் கொடுப்பதுதான் முதலில் வர வேண்டும்.

காட்டிலும் நாம் விட்டுவைக்கவில்லை என்பதுதான் பெரிய வேதனை. 2015-ல் வெளியான கணக்கெடுப்பின்படி காட்டில் 1,864 பாண்டாக்கள். அவை 33 காட்டுத் துண்டுகளில் பிரிந்து கிடக்கின்றன. வாசனை எட்டினாலும் நடுவில் நெடுஞ்சாலை கிடந்தால், அந்த ஓரிரு நாளுக்குள் ஆண் எப்படி வந்து சேரும்? மூங்கில் நட்டு இந்தத் துண்டுகளை இணைக்கும் வேலை அங்கே நடக்கிறது. அந்தப் பணத்தை வீண் செலவு என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது.