முட்டைக்கோழிக்குக் கூண்டு வேண்டாம், கூளத்தையும் ஒழுங்காகப் போடுங்கள்

நம் ஊர் லேயர் (முட்டைக்கோழி) பண்ணைகளில் நெடுநாளாகப் புழங்கும் கூண்டு ஒன்றின் அளவு 15 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். அதற்குள் 3 கோழி. ஒன்றுக்கு 60 சதுர அங்குலம். ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. 18 வார வயது வாக்கில் உள்ளே போகிற கோழி 72 வார வயது தாண்டி வெளியே வரும்வரை இறக்கையை ஒரு தடவைகூட முழுசாக விரிக்க முடியாது. இதற்குக் கொடுமை என்றுதான் பெயர். வேளாவேளைக்குத் தீனியும் தண்ணியும் கிடைக்கிறதே என்பது பதிலாகாது.

எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. தீனியில் வந்தது போதாதபோது கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. நடமாட்டமே இல்லாத உடம்பில் எலும்பு வலுவாகவும் வழியில்லை. கடைசியில் கால் செத்து, கூண்டுக்குள் ஒருக்களித்துக் கிடக்கும். அதை எடுத்துத் தரையில் விட்டு, தீனியும் தண்ணியும் வாய்க்கு எட்டும்படி வைத்தால் பல கோழிகள் சில நாளில் எழுந்து நடக்கின்றன. கால்சியத்துக்காகத் தீனியில் கிளிஞ்சலைக் கூட்டிப் போட்டால் போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரி வெறும் கம்பிக்கூண்டை 2012 முதல் தடை செய்துவிட்டது.

கூண்டைக் கழற்றினால் மட்டும் கோழி பிழைத்துவிடாது, அதையும் சொல்லியாக வேண்டும். தரையில் கனமாகக் கூளம் பரப்பி அதன்மேல் கோழியை விட்டு வளர்க்கும் ஆழ்கூள முறையை அரைகுறையாகச் செய்தால் ரத்தக்கழிச்சல் வரும், ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். கோழிக்கு 2 சதுர அடியாவது கொடுங்கள். உமியோ கடலைத் தோலோ 4 முதல் 6 அங்குலம் போட்டு, வாரம் இரண்டு மூன்று தடவை கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். உடனே தண்ணீர்க்குழாய்க்கு அடியில் பாருங்கள், ஒழுகல் அநேகமாக அங்கேதான் இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் அது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு. பக்கத்துப் படுதாவைத் தூக்கிக் கட்டுங்கள்.

முட்டையிடும் பெட்டி 5 கோழிக்கு ஒன்று, கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே வைக்காவிட்டால் கோழி மூலையில் இடப் பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. உட்காரக் கட்டை கோழிக்கு 15 சென்டிமீட்டர். கொத்தல் ஆரம்பித்தால் வெளிச்சம், நெரிசல், தீனியில் உப்பும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் என்று வரிசையாகப் பாருங்கள். எடுத்தவுடன் அலகை வெட்ட ஓடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆளும் இடமும் கூடுதலாக வேண்டும், முட்டைக்கு அடக்கவிலை ஏறும். அந்தச் சுமையைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. சத்துணவுக்கு அரசு டெண்டர் விட்டுத்தான் முட்டை வாங்குகிறது. அந்த டெண்டரில் ஒரு பங்கைக் கூண்டில்லாப் பண்ணைகளுக்கென்று ஒதுக்கி, அடக்கவிலைக்கு ஏற்ற கொள்முதல் விலையும் 5 ஆண்டு ஒப்பந்தமும் கொடுக்கட்டும். கொட்டகையை மாற்றக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவருக்குக் கையில் அந்த ஒப்பந்தமாவது இருக்க வேண்டும்.