டேட்டா சயின்ஸுக்குப் போகும் வானியல் மாணவர்களுக்கும் அவர்களுடைய கைடுகளுக்கும்

வானியலில் பிஎச்டி முடித்துவிட்டு டேட்டா சயின்ஸ் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் ஆய்வுத் துறைகளில் ஒரு இழவு வீட்டுத் தொனி வந்துவிடுகிறது. "நல்லா பண்ணிட்டிருந்தா, விட்டுட்டுப் போயிட்டா." என் காதுபடவே இதைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படிப் போனவள்தான், டேட்டா சயின்ஸ் வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் அந்தத் தொனி எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது, ஏனென்றால் அதைக் கேட்டு வளரும் மாணவர்கள் தங்கள் கையில் இருக்கும் பயிற்சியின் மதிப்பே தெரியாமல் வெளியே வருகிறார்கள்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிஎச்டி மாணவர்களின் ஃபெலோஷிப், 2023 ஜனவரியில் உயர்த்திய பிறகு, தொடக்க நிலையான ஜேஆர்எஃப்பில் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப்பில் 42,000 ரூபாய். அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வந்துவிடாது என்பது ஃபெலோஷிப் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அதன்பின் ஒரு நாட்டில் இரண்டு மூன்று வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), பிறகு வேறொரு நாட்டில் இன்னொன்று. திரும்பி வந்தால் நிரந்தர வேலைக்குப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் ஐயூகா, என்சிஆர்ஏ, நைனிதாலில் ஏரீஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். ஒரு பேராசிரியர் தன் பணிக்காலத்தில் பத்து மாணவர்களை உருவாக்கினால், அவர் ஓய்வு பெறும்போது காலியாவது ஒரே ஒரு நாற்காலி. மீதி ஒன்பது பேரும் எங்கே போவார்கள் என்பதை முதல் வருடத்திலேயே பேசியாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "வானியல்காரர்களுக்குப் பைத்தான் தெரியும், அதனால் வேலை கிடைக்கிறது" என்று சொல்கிறார்கள். பைத்தான் இன்று பி.காம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாம் கொண்டுபோவது வேறு: கண்ணுக்கு வந்து சேராத தரவைப் பற்றி யோசிக்கிற பழக்கம். மற்ற துறைக்காரர்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். நமக்கு வானம் எதைக் காட்டுகிறதோ அதுதான். மங்கலானது தெரியாது, பகலில் தெரியாது, மேகம் வந்தால் தெரியாது.

ஜவ்வாது மலையில் காவலூர் தெரியுமல்லவா, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற இடம். நான் ஆராய்ந்த மாறொளி நட்சத்திரங்களுக்கு, அதாவது வெளிச்சம் கூடிக் குறைகிறவற்றுக்கு, அங்கே நேரம் கேட்டு வாங்கிப் போவேன். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் குவிமாடத்தைத் திறக்கவே முடியாது. கையில் கிடைப்பது நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும், ஓட்டை விழுந்த ஒளி வரைபடம். இரவில் மட்டும் பார்ப்பதால், நட்சத்திரத்தில் இல்லாத 24 மணி நேரச் சுழற்சி ஒன்று தரவுக்குள் பொய்யாகத் தலைகாட்டும். லோம்ப் 1976இலும் ஸ்கார்கிள் 1982இலும் செம்மைப்படுத்திய, சுழற்சியைத் தேடும் முறை இப்படி இடைவெளி ஒழுங்கில்லாத அளவீடுகளுக்காகத்தான். இந்தச் சுழற்சி நட்சத்திரத்துடையதா, நான் பார்த்த நேரத்துடையதா என்று கேட்டுக் கேட்டே ஆராய்ச்சி வருடங்கள் போயின.

இப்போது வேலையில் நடந்த ஒன்று. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்காக, யார் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார்கள் என்று கணிக்கும் மாடல். பழைய கடன்களை வைத்துப் பயிற்சி கொடுத்தோம். வருமானச் சான்று இல்லாதவர்கள், சான்று உள்ளவர்களைவிட ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று வந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, புதிய சந்தை கிடைத்துவிட்டது என்று. எனக்கு வானியலாளர் மால்ம்குவிஸ்ட்தான் நினைவுக்கு வந்தார். தொலைவில் இருக்கும் நட்சத்திரங்களில் இயல்பிலேயே பிரகாசமானவை மட்டும்தான் நம் கண்ணில் படும். அவற்றை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், தொலைவில் இருப்பதெல்லாம் பிரகாசம் என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். 1920களிலேயே அவர் இதைக் கணக்காக எழுதிவிட்டார். இங்கேயும் அதேதான். சான்று இல்லாமல் வந்தவர்களில் சொந்த வீடு, பல வருடக் கடை, கிளை மேலாளருக்கு நேரில் தெரிந்த முகம் என்று பலமான ஆட்களுக்கு மட்டும் கடன் கிடைத்திருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் எங்கள் அட்டவணையிலேயே இல்லை. அவர்கள் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்பதற்குத் தரவே கிடையாது.

நிராகரித்த விண்ணப்பங்களையும் எடுத்துத் தரச் சொன்னேன். கடன் தகுதிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களில் ஒரு சிறு பகுதிக்குக் குலுக்கல் முறையில் கடன் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். கடன் துறையில் இந்தச் சிக்கலுக்குத் தனிப் பெயரும் தனி முறைகளும் உண்டு. நான் அவற்றைப் படித்தது பிறகுதான். கேள்வி எனக்குத் தொலைநோக்கியிலிருந்து வந்தது.

வானியல் பழக்கம் தரவு வேலைக்குக் கைகொடுப்பது வியப்பான விஷயமும் இல்லை. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோவில் வானியலாளர் பியாட்சி சீரஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார், பிப்ரவரிக்குப் பிறகு அது சூரிய ஒளியில் மறைந்துபோனது. இருந்த சில வார அளவீடுகளை வைத்து, 24 வயது கணிதவியலாளர் காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது அகப்பட்டது. இன்று எல்லா டேட்டா சயின்ஸ் பாடத்திலும் முதலில் வரும் குறைந்த வர்க்க முறையை (அளவீடுகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் வழி) லெஜாந்தர் 1805இல் வெளியிட்டது வால்மீன் பாதைகள் பற்றிய நூலில். அளவீட்டுப் பிழைகள் பரவும் விதத்தை மனிதர்களின் உடல் அளவுகளுக்கும் கொண்டுபோன கெத்லே, பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நிறுவியவர். நாம் போகிற வீடு நம் முன்னோர் கட்டியதுதான்.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேள்வி நம்முடையதாக இருக்காது, இது பெரிய இழப்பு. ஒரு எண்ணின் பிழை எல்லையைப் பற்றி ஆறு மாதம் யோசிக்க விட மாட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும். பாதி நாள் தரவைச் சுத்தம் செய்வதிலும், புரியாதவர்களுக்குப் புரிய வைப்பதிலும் போகும். அம்மாவுக்கு மட்டும் முழுத் திருப்தி. வேலை கிடைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "இனிமேலாவது ராத்திரியில தூங்குவியாடி?"

இப்போது ஆய்வில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் கற்றுக்கொள்ளுங்கள். கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டின் ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்களிலிருந்து தேடி எடுத்த அனுபவம் இருந்தால், பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும், அங்கே எழுதும் மொழி அதன் உடன்பிறப்புதான். ரெஸ்யூமேயில் நட்சத்திரத்தின் பெயரை மறைக்காதீர்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். என்ன தரவு, எவ்வளவு ஓட்டை, எதை நம்ப மறுத்தீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். தீசிஸை முடிக்காமல் அவசரப்பட்டு ஓட வேண்டாம், முடிகிற நிலையில் இருந்தால் முடித்துவிட்டே வாருங்கள்.

கைடுகளுக்கு: துறையின் இணையதளத்தில் பழைய மாணவர்கள் பட்டியலில் போஸ்ட்டாக் போனவர்களின் பெயர் மட்டும் இருக்கிறது. கம்பெனிக்குப் போனவர்களின் பெயரையும் போடுங்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து. வருடத்துக்கு ஒருமுறை அவர்களைக் கருத்தரங்குக்குக் கூப்பிடுங்கள். பயணப்படி தராவிட்டாலும் பரவாயில்லை, நான் வருகிறேன்.