கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வைத்தால் போதுமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் முகநூல் முழுக்க நாய்ப் படம்தான். கார் ஜன்னலில் தலையை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, பின்னணியில் பினாங்குப் பாலம். நானும் போட்டிருக்கிறேன். எங்கள் நாய் பிளாக்கி சிரிக்கிறான் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியும்.

அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தும்போதெல்லாம் நாயோடு இருக்க ஓர் ஆள் தயாராக இல்லையென்றால், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பாசமில்லாதவன் பேசுகிற பேச்சு என்று நினைக்க வேண்டாம். எங்கள் அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) விட்டு ஃபிளாட்டுக்கு வந்தபோது நாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். லோரிக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் முடிகிற இடம் வரைக்கும் ஓடி வந்ததாம். இன்றைக்கும் அந்தக் கதையை அவர் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை, பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நாங்கள் எங்கே போனாலும் பிளாக்கியும் வரவேண்டும் என்பது வீட்டில் அவர் போட்ட சட்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். நாய் இல்லாமல் நாலரை மணி நேரம், நாயோடு ஆறு. நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்க அதுதான். இருந்தாலும் வடக்கே மார்ச், ஏப்ரல் வெயில் வேறு ரகம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. அந்தத் திசையை நோக்கித்தான் ரோமக் கோட்டு போட்ட ஒரு ஜீவனை ஏற்றிக்கொண்டு போகிறோம்.

தாப்பா ஓய்விடத்தில் நடந்தது இது. பகல் பதினொன்று. வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பசியாறப் போயிருந்தார்கள். நான் ஏர்கோனைப் போட்டு பிளாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மலாய்க்காரர் வந்து என் கண்ணாடியைத் தட்டினார். "அபாங், அஞ்சிங் து சியாப்பா புன்யா?" அண்ணே, அந்த நாய் யாருடையது என்று கேட்டு, இரண்டு கார் தள்ளி நின்ற வண்டியைக் காட்டினார். இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடி ரெண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே ஒரு ஷீட்சூ ஜாதி நாய், பின்சீட்டில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாயோரம் எச்சில் கெட்டியாக ஒழுகியிருந்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். நம்மூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகிறது. ஷீட்சூ, பக் மாதிரி மூக்குச் சப்பையான ஜாதிகளுக்கு மூச்சு விடுவதே சிரமம். மூடிய கார் வெயிலில் நின்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி வரைக்கும் ஏறும், அரை மணியில் இருபதைத் தொடும். வெளியே 33 என்றால் உள்ளே 50 தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. நாயின் சாதாரணச் சூடு 38, 39. அது 41 ஆனால் உயிருக்கே ஆபத்து.

அவர் சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஓடினார், நான் கழிப்பறைப் பக்கம். கார் நம்பரைச் சொல்லிக் கத்தினோம். கடைசியில் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று ஜாக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் சொந்தக்காரர் தே ஐஸ் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். நம்ம ஆள்தான். "அஞ்சு நிமிஷம்தானே ஆச்சு அண்ணே, கண்ணாடி இறக்கித்தானே வச்சேன்" என்றார். நாங்கள் தேடியதே கால் மணி நேரம்.

கதவு திறந்ததும் நாயைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோனவர் அந்த மலாய்க்காரர். ஈர நாயைத் தொட்டால் முஸ்லிம்களான அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். நான் தயங்கிப் பார்த்தேன். "அப்புறம் கழுவிக்கலாம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாட்டில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். நாய் பிழைத்தது. பிறகு ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்களாம்.

விலங்குகள் நலச் சட்டம் 2015-இல் வந்தது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த மனிதரிடம் நான் சட்டம் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, டோல் கார்டில் பணம் ஏற்றப் போனபோது நானும் பிளாக்கியை இப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன். அன்று வானம் மூடியிருந்தது, அதனால் தப்பித்தான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். கிளம்ப மூணு மணி நேரம் இருக்கும்போதே சோற்றை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ரவாங் தாண்டுவதற்குள் சீட்டெல்லாம் வாந்தி. நாயைக் காரில் கட்டும் வாரைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். 2015-இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது அந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. முன்பு ஃபெரியில் காரை ஏற்றினால் கடல் காற்றாவது கிடைத்தது. 2021 முதல் கார்களை ஏற்றுவதில்லை, பாலம்தான். 13.5 கிலோமீட்டர், விடுமுறை நெரிசலில் மாட்டினால் ஒதுங்க நிழல் கிடையாது. ஏர்கோன் சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பெரியம்மா வீட்டுப் பிரச்சினை தனி. கார் போர்ச்சில்தான் கட்ட வேண்டும், அது நியாயம், சாமி அறை இருக்கிற வீடு. ஆனால் வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம், வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும் என்று சொன்னால் "எங்க காலத்து நாயெல்லாம் குழம்புச் சோறு தின்னு வளரலையா?" என்பார். அந்த நாய்கள் எத்தனை வருஷம் இருந்தன என்று யாரும் எண்ணியதில்லை பெரியம்மா.

அடுத்த விடுமுறைக்கும் போகிறோம், அப்பா விடமாட்டார். தாப்பாவில் நான் காரை விட்டு இறங்கப் போவதில்லை. வீட்டுக்காரி நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வருவாள். சம்பாலில் வெங்காயம் இருப்பதால் அதை நான் தின்பேன், முட்டை மட்டும் பிளாக்கிக்கு.